பார்வை போன பின்னும் அவர் தாயாகவே வாழ்ந்தார்



தாய் என்று சொன்னதும் உங்களுக்கு எது முதலில் நினைவுக்கு வருகிறது? பலருக்கு முகத்தை விடக் கைதான் முதலில் வரும். காய்ச்சலுக்கு நெற்றியைத் தொட்டுப் பார்த்த கை, தலைக்கு எண்ணெய் வைத்து இழுத்துப் பின்னிய கை, புட்டுக்கு மா குழைத்த கை, இடம்பெயர்ந்து ஓடும்போது ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்து மற்றப் பிள்ளையை இறுகப் பிடித்த கை. தாயின் வேலையில் பெரும்பங்கு கையாலும் காதாலும் வாயாலும் மனத்தாலும் நடக்கிறது. கண் அதற்குத் துணை செய்கிறது.

அப்படியிருந்தும் ஒரு தாய்க்குப் பார்வை போனால் நமது வீடுகளில் என்ன நடக்கிறது? "நீங்கள் சும்மா இருங்கோ அம்மா, நாங்கள் பார்க்கிறம்" என்று சொல்லி ஒரு மூலையில் பாயைப் போட்டு இருத்தி விடுகிறோம். அன்பினால்தான் அப்படிச் செய்கிறோம். ஆனால் முதலில் அகப்பை கைமாறுகிறது. பிறகு திறப்புக் கோர்வை கைமாறுகிறது. பிறகு காசுப் பை கைமாறுகிறது. கடைசியில் பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் இருந்து வரும் கடிதத்தைப் பற்றிக் கூட அவரிடம் யாரும் கேட்பதில்லை. பார்வையை நோய் எடுத்தது. வீட்டில் அவருக்கு இருந்த இடத்தை எடுத்தவர்கள் நாங்கள்.

இந்த மாதம் இதைப் பற்றித்தான் உங்களோடு பேச வேண்டும் என்று நினைத்தேன்.

எங்கள் பக்கத்து நிலைமை

உயிலங்குளம் என்ற பெயரைக் கேட்டால் வயது வந்தவர்களுக்கு இன்னும் சோதனைச் சாவடிதான் ஞாபகத்திற்கு வரும். 2002 பெப்ரவரி 22ஆம் திகதி போர்நிறுத்த உடன்படிக்கை கைச்சாத்தானது. அதன் பிறகு இந்த வழியாகத்தான் இரண்டு பக்கத்துச் சனங்களும் போய் வந்தார்கள். வெயிலில் வரிசையில் நின்றவர்களில் பெரும்பாலானோர் பெண்கள். மன்னாருக்கு வைத்தியசாலைக்குப் போகிறவர்கள், மடு மாதாவிடம் நேர்த்தி வைத்துப் போகிறவர்கள், மறுபக்கம் இருக்கும் பிள்ளையைப் பார்க்கப் போகிறவர்கள். பிறகு மறுபடியும் சண்டை, மறுபடியும் இடப்பெயர்வு. 2009இல் போர் முடிந்த பின் திரும்பி வந்தவர்கள், கட்டுக்கரைக் குளத்து நீரை நம்பி நெல் விளைந்த வயல்களில் கண்ணிவெடி அகற்றி முடியும் வரைக்கும் காத்திருக்க வேண்டியிருந்தது.

இந்த நீண்ட காலத்தில் எத்தனையோ வீடுகள் பெண்ணின் தலையில் வந்து நின்றன. கணவனை இழந்தவர், கணவன் எங்கே என்று தெரியாதவர், கணவன் இருந்தும் உழைக்க முடியாதவர் என்று பலர். அப்படி ஒரு வீட்டில் அந்தப் பெண்ணுக்கே பார்வை போனால் என்ன ஆகும்? ஷெல் துண்டு பட்டுக் கண்ணை இழந்தவர்கள் இருக்கிறார்கள். ஆனால் கண்புரை, நீரிழிவு, கண் அழுத்த நோய் என்பவையும் சத்தமில்லாமல் வந்து பார்வையைக் கொண்டு போகின்றன. காரணம் எதுவானாலும் அந்தத் தாயின் மனத்தில் எழுகிற கேள்வி ஒன்றுதான்: "இனி என்ர பிள்ளைகளை ஆர் பார்க்கிறது?"

"நீயேதான் பார்ப்பாய், அம்மா" என்று சொல்வதற்கு ஆதாரம் வேண்டும். அதற்காக ஒரு தாயை இங்கே நினைவு கூருகிறேன்.

மூன்று பிள்ளைகளோடு தனித்து நின்றவர்

அவருடைய பெயர் சூ டவுன்சென்ட். இங்கிலாந்தில் லெஸ்டர் என்ற நகரத்தில் 1946ஆம் ஆண்டு ஏப்ரல் 2ஆம் திகதி பிறந்தார். உலகம் அவரை எழுத்தாளர் என்றுதான் அறியும். வெள்ளைக்காரப் பெண்ணின் கதை நமக்கு எதற்கு என்று நினைக்க வேண்டாம். அவருடைய இளமைக் காலத்தைக் கேட்டால் பக்கத்து வளவுப் பெண்ணின் கதை போலவே இருக்கும்.

தகப்பன் கடிதம் விநியோகிப்பவர். தாய் தொழிற்சாலை ஒன்றின் உணவுச்சாலையில் வேலை செய்தவர். மூன்று பெண் பிள்ளைகளில் சூ மூத்தவர். பரீட்சையில் சித்தியடையாததால் பெரிய பள்ளிக்கூடத்திற்குப் போகும் வாய்ப்பும் கிடைக்கவில்லை. இளம் வயதிலேயே படிப்பை நிறுத்தி வேலைக்குப் போனார். 18 வயதில் கல்யாணம். அடுத்த ஐந்து வருடத்திற்குள் மூன்று பிள்ளைகள். பிறகு கணவன் பிரிந்து போனார். இருபதுகளின் நடுவில், கையில் மூன்று சிறு பிள்ளைகளோடு அவர் தனித்து நின்றார்.

பெற்றோல் நிலையத்தில் நின்றார், சிறுவர் விளையாட்டுத் திடலில் வேலை செய்தார், கிடைத்த வேலையை எல்லாம் செய்தார். காசு முற்றாக இல்லாமல் போன ஒரு காலத்தில், அரசாங்கக் கந்தோரில் உதவி கேட்டும் உடனே கிடைக்காமல், வெறும் சோடாப் போத்தல்களைப் பொறுக்கிக் கடையில் கொடுத்து, அந்தச் சில்லறையில் பிள்ளைகளுக்குச் சாப்பாடு வாங்கியதைப் பிற்காலத்தில் அவரே எழுதினார். நிவாரண அட்டையோடு வரிசையில் நின்ற நம்மில் யாருக்கு இது விளங்காது?

பிள்ளைகள் நித்திரையான பிறகு இரவில் அவர் எழுதுவார். எழுதியதை யாருக்கும் காட்டாமல் ஒளித்து வைப்பார். இப்படி இருபது வருடம் போனது. பின்பு அவருக்கு ஒரு துணைவர் கிடைத்தார். நாலாவது பிள்ளையும் பிறந்தது. அந்தத் துணைவரிடம்தான் தனது எழுத்தைப் பற்றி முதன்முதலாகச் சொன்னார். அவருடைய தூண்டுதலில் 1978இல் லெஸ்டரில் ஒரு நாடக அரங்கின் எழுத்தாளர் வட்டத்தில் போய்ச் சேர்ந்தார்.

மூத்த மகன் ஒரு நாள், மற்றக் குடும்பங்கள் போல நாங்கள் ஏன் மிருகங்களைப் பார்க்கப் போவதில்லை என்று குறைப்பட்டானாம். வசதியில்லாத வீட்டுப் பிள்ளையின் அந்தக் குரல் தாயின் மனத்தில் தங்கிவிட்டது. அந்தக் குரலை வைத்துத்தான் ஏட்ரியன் மோல் என்ற பையனை உருவாக்கினார். பதின்மூன்றே முக்கால் வயதுப் பையன் எழுதும் நாட்குறிப்பாக அந்தப் புத்தகம் 1982இல் வந்தது. சிரித்துச் சிரித்து வாசிக்க வைத்த புத்தகம். இலட்சக்கணக்கில் விற்பனையானது, பல மொழிகளில் பெயர்க்கப்பட்டது. வீட்டில் பட்டினி தீர்ந்தது.

இருள் வந்தபோது

ஆனால் உடம்பில் நீரிழிவு இருந்தது. அந்த நோயைத் தான் கவனமாகப் பார்க்கவில்லை என்பதை அவரே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறார். நீரிழிவு கண்ணின் விழித்திரையைத் தாக்கியது. பார்வை கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்து, 2001இல் அவர் பார்வையிழந்தவராகப் பதிவு செய்யப்பட்டார். அப்போது அவருக்கு 55 வயது. அதோடு முடியவில்லை. மூட்டுகள் பாதிக்கப்பட்டுச் சக்கர நாற்காலியில் இருக்க வேண்டி வந்தது. சிறுநீரகமும் செயலிழந்தது.

எழுத்தையே தொழிலாகக் கொண்டவருக்குக் கண் போவது என்றால் என்ன? தையல்காரிக்குக் கை போவது போல. அவர் அழாமல் இருந்திருக்க மாட்டார். ஆனால் எழுத்தை விடவில்லை. அவர் வாயால் சொல்லச் சொல்ல மூத்த மகன் எழுதினார். மிருகங்களைப் பார்க்கப் போகக் கேட்ட அதே மகன். தாய் சொல்வார், மகன் எழுதி வாசித்துக் காட்டுவார், தாய் திருத்துவார். இப்படி 2004இல் ஒரு புதிய நாவல் வெளிவந்தது. அதில் ஏட்ரியன் மோல் வளர்ந்து தகப்பனாகி விட்டான். அவனுடைய மகன் படைவீரனாக ஈராக் போருக்குப் போகிறான். பிள்ளையைப் போருக்கு அனுப்பிவிட்டு வீட்டில் இருப்பவரின் பயத்தை, கண் தெரியாத ஒரு தாய் தன் மகனுக்குச் சொல்லி எழுதுவித்தார். இதற்குப் பிறகும் அவர் நிறுத்தவில்லை. 2012இலும் அவருடைய நாவல் ஒன்று வந்தது.

2009இல் அந்த மகனே தனது சிறுநீரகங்களில் ஒன்றைத் தாய்க்குக் கொடுத்தார். சூ டவுன்சென்ட் 2014 ஏப்ரல் 10ஆம் திகதி தனது 68ஆவது வயதில் லெஸ்டரில் தனது வீட்டிலேயே காலமானார். பார்வை போன பிறகு பதின்மூன்று வருடம் வாழ்ந்திருக்கிறார். அந்தப் பதின்மூன்று வருடமும் அவர் வேலை செய்தார், சம்பாதித்தார், பகிடி விட்டார், பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் நடுவில் இருந்தார்.

அவரிடம் நாம் எடுத்துக் கொள்ளக்கூடியவை

முதலாவது, அவர் தனது வேலையைக் கைவிடவில்லை. வேலை செய்யும் முறையை மாற்றினார். பேனையால் எழுதியவர் வாயால் எழுதினார். அதே போல, கண்ணால் பார்த்துப் பாய் இழைத்தவர் விரலால் தடவி இழைக்கலாம். பனையோலை வேலை தெரிந்தவர்களைக் கேட்டுப் பாருங்கள். கடகம், பெட்டி, நீத்துப்பெட்டி எல்லாம் பாதி நேரம் அடுத்த வீட்டுக்காரியோடு கதைத்துக் கொண்டு, கையைப் பாராமலே இழைக்கிறார்கள். விரலுக்குத் தெரிந்ததைக் கண் போனாலும் விரல் மறக்காது.

இரண்டாவது, உதவி பெறுவதை அவர் வெட்கமாக நினைக்கவில்லை. மகன் எழுதினார். ஆனால் என்ன எழுதுவது என்று முடிவு செய்தவர் தாய். இந்த இடம்தான் முக்கியம். உதவி என்பது கைக்குப் பதிலாகவும் கண்ணுக்குப் பதிலாகவும் வரலாம். தீர்மானத்திற்குப் பதிலாக வரக்கூடாது. உலையில் அரிசி போடுவது மகளாக இருக்கட்டும். இன்றைக்கு என்ன கறி, எவ்வளவு செலவு, யாருக்கு எவ்வளவு என்று சொல்வது தாயாக இருக்கட்டும்.

மூன்றாவது, அவர் தனது கஷ்டத்தை மூடி மறைக்கவில்லை, அதற்குள்ளேயே மூழ்கிப் போகவும் இல்லை. பகிடியாகப் பேசினார். துன்பப்பட்ட வீட்டில் சிரித்தால் பாவம் என்று நம்மில் சிலர் நினைக்கிறோம். தாய் சிரிக்காத வீட்டில் பிள்ளைகளும் சிரிப்பை மறந்து விடுவார்கள்.

நமது மண்ணிலும் ஒருவர்

இங்கிலாந்தில் வசதி இருந்தது, புத்தகக் காசு இருந்தது, நமக்கு அப்படியா என்று நீங்கள் கேட்பது எனக்கு விளங்குகிறது. அதனால் யாழ்ப்பாணத்துப் பெண் ஒருவரையும் சொல்கிறேன். செல்வி அன்னலட்சுமி சின்னத்தம்பி தாமும் பார்வை இழந்தவர். போர் நடந்து கொண்டிருந்த 1988ஆம் ஆண்டில், பார்வையற்ற பிள்ளைகளுக்காகச் சுன்னாகத்தில் வாழ்வகம் என்ற இல்லத்தைத் தொடங்கினார். கல்யாணம் செய்யாதவர்; ஆனால் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தாயானவர். அந்த இல்லத்துப் பிள்ளைகள் பிரெயில் எழுத்துப் படித்து, சாதாரண பள்ளிக்கூடங்களில் மற்றப் பிள்ளைகளோடு இருந்து படித்து, பல்கலைக்கழகம் வரை போயிருக்கிறார்கள், ஆசிரியர்களாக வந்திருக்கிறார்கள். குண்டு விழுந்த காலத்தில், மின்சாரம் இல்லாத காலத்தில் ஒரு பார்வையற்ற பெண்ணால் இது முடிந்தது.

வீட்டில் செய்யக்கூடிய ஒழுங்குகள்

பார்வை இழந்த தாய் வீட்டை மறுபடி தன் கையில் எடுப்பதற்குப் பெரிய செலவு தேவையில்லை. வீட்டார் எல்லோரும் சில ஒழுங்குகளுக்கு வர வேண்டும்.

ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு இடம். எடுத்தவர் எடுத்த இடத்திலேயே வைக்க வேண்டும். வீட்டில் சின்னப் பிள்ளைக்கும் இது சட்டம். கதிரையைக் கண்டபடி இழுத்து விடக்கூடாது. கதவு முழுவதும் திறந்திருக்க வேண்டும், அல்லது முழுவதும் பூட்டியிருக்க வேண்டும். பாதி திறந்த கதவில்தான் நெற்றி அடிபடும்.

உப்பும் சீனியும் ஒரே மாதிரியான ரின்களில் இருக்கக் கூடாது. ஒன்றில் றப்பர் வளையம் போட்டு விடுங்கள். மருந்துப் போத்தல்களிலும் அப்படியே. காலை மருந்துக்கு ஒரு வளையம், இரவு மருந்துக்கு இரண்டு வளையம்.

வீட்டு வாசலில் இருந்து கிணற்றுக்கும் மலசலகூடத்திற்கும் இடுப்பளவு உயரத்தில் ஒரு கயிறு இழுத்துக் கட்டுங்கள். அதைப் பிடித்துக் கொண்டு அவர் எந்த நேரத்திலும் யாரையும் கூப்பிடாமல் போய் வரலாம். இரவில் மலசலகூடம் போவதற்கு ஒவ்வொரு முறையும் பிள்ளையை எழுப்ப வேண்டியிருப்பது ஒரு தாய்க்கு எவ்வளவு பெரிய கூச்சம் என்பதை நாம் யோசிப்பதில்லை. கிணற்றுக்குக் கட்டு இல்லாவிட்டால் முதல் வேலையாக அதைக் கட்ட வேண்டும்.

அடுப்பு வேலையைப் பயந்து தடுக்க வேண்டாம், பழக்கிக் கொடுங்கள். நைலோன் உடுப்போடு அடுப்பண்டை போகக் கூடாது. பருத்தி உடுப்பு, கொண்டையாக முடிந்த கூந்தல், இழுத்துச் செருகிய முந்தானை. விறகை எப்போதும் ஒரே பக்கத்தால் தள்ள வேண்டும். சோறு கொதிப்பது காதுக்குத் தெரியும். வெங்காயம் வதங்கியதை மூக்குச் சொல்லும். பார்வையுள்ள நாமும் கறி கருகுவதை முதலில் மூக்கால்தானே அறிகிறோம்?

தவழும் குழந்தை இருந்தால் காலில் சின்னச் சலங்கை கட்டி விடுங்கள். குழந்தை எங்கே போகிறது என்பது சத்தத்தில் தெரியும். பார்வை இழந்த தாய்மார் பல நாடுகளில் செய்கிற காரியம் இது.

காசுத் தாளைப் பிறர் சொல்லித்தான் அறிய வேண்டும் என்றில்லை. நமது நாட்டில் இப்போது புழங்கும் தாள்கள் பெறுமதி கூடக்கூட நீளத்திலும் கூடும். அளந்து பழகினால் விரலுக்குத் தெரியும். ஆரம்பத்தில் நூறு ரூபாயை மடிக்காமலும், ஐந்நூறை ஒரு மடிப்பாகவும், ஆயிரத்தை இரண்டு மடிப்பாகவும் வைத்துப் பழகலாம். காசுப் பையை மட்டும் அவரிடமே திருப்பிக் கொடுங்கள்.

வெளியே போவதற்கு வெள்ளைப் பிரம்பு. அதைப் பிடிப்பது அவமானம் என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். பிரம்பு பிடித்தவர் முன்னால் கிடங்கு இருக்கிறதா, படி இருக்கிறதா என்று தானே அறிந்து நடக்கிறார். ஒக்டோபர் 15ஆம் திகதி உலகம் முழுவதும் வெள்ளைப் பிரம்பு தினமாகக் கொண்டாடப்படுவது அதனால்தான். கைத்தொலைபேசியும் இன்று பெரிய துணை. வந்த செய்தியைத் தமிழில் வாசித்துச் சொல்லும் வசதி பல தொலைபேசிகளில் உண்டு. வெளிநாட்டில் இருக்கும் பிள்ளை அனுப்பிய செய்தியை அயலவரிடம் கொடுத்து வாசிப்பிக்காமல் தானே கேட்பது சின்ன விஷயமா?

அயலவர் அறிய வேண்டியது

பார்வை இழந்தவரின் வீட்டுக்குப் போனால் "நான் ஆரெண்டு சொல்லு பாப்பம்" என்று சோதனை வைக்க வேண்டாம். பெயரைச் சொல்லிப் பேசத் தொடங்குங்கள். போகும்போதும் சொல்லி விட்டுப் போங்கள். வெறும் கதிரையோடு ஒருவரைப் பேச விடுவது போல வேறு அவமானம் இல்லை. கூட்டிக் கொண்டு போகும்போது அவருடைய கையைப் பிடித்து இழுக்காமல், உங்கள் முழங்கையை அவர் பிடித்துக் கொள்ளும்படி அரையடி முன்னால் நடவுங்கள்.

கடையிலும் கந்தோரிலும் பக்கத்தில் நிற்கும் பிள்ளையைப் பார்த்து "அம்மாவுக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறார்கள். அம்மாவுக்குக் காது கேட்கும். அம்மாவிடமே கேளுங்கள். நல்ல காரியத்திற்குப் புறப்படும்போது எதிரே வந்தால் சகுனம் சரியில்லை என்று விதவைகளையும் பார்வை இழந்தவர்களையும் ஒதுக்கும் பழக்கத்தையும் இந்தத் தலைமுறையோடு விட்டு விடுவோம்.

பெண் பிள்ளையின் படிப்பு

இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். தாய்க்குப் பார்வை போன வீடுகளில் முதலில் பள்ளிக்கூடத்தை விட்டு நிற்பவள் மூத்த பெண் பிள்ளை. "அம்மாவுக்குக் கண் அவள்தான்" என்று எல்லோரும் மெச்சுவார்கள். அந்த மெச்சுதலில் அவளுடைய பத்தாம் வகுப்புப் போய்விடும். அடுத்தது அவசரக் கல்யாணம். ஒரு தாயின் கண் போனதற்காக மகளின் வாழ்க்கையும் இருட்டாக வேண்டுமா? எந்தத் தாயும் அப்படி விரும்ப மாட்டாள்.

மேலே சொன்ன கயிறும் றப்பர் வளையமும் பிரம்பும் இதற்காகத்தான். தாய் காலை எட்டு மணியில் இருந்து பிற்பகல் இரண்டு மணி வரை தனியே சமாளிக்கப் பழகினால் மகள் பள்ளிக்கூடம் போகலாம். தாய் தன் காலில் நிற்பது மகளுக்குச் செய்யும் பெரிய சீதனம். இந்த ஆறு மணி நேரத்தில் ஒரு முறை எட்டிப் பார்க்க அயலில் உள்ளவர்கள் முறை வைத்துக் கொள்ளலாம். மாதர் சங்கம் இதை ஒழுங்கு செய்யலாம். சிறிய காரியம், ஆனால் ஒரு பிள்ளையின் படிப்பைக் காப்பாற்றும்.

போகும் முன் காப்போம்

சூ டவுன்சென்ட் நமக்கு விட்டுப் போன எச்சரிக்கை ஒன்றும் உண்டு. நீரிழிவு கண்ணைத் தாக்கும்போது நோவு இருக்காது. பார்வை மங்கி உணரும் நேரத்தில் பாதிப்பு முற்றியிருக்கலாம். ஆகையால் நீரிழிவு உள்ள ஒவ்வொருவரும் கண் நன்றாகத் தெரிந்தாலும் வருடத்திற்கு ஒரு முறை கண்ணைக் காட்ட வேண்டும். கிளினிக் போகும்போது நீங்களே கேளுங்கள்.

வயது போனால் கண் மங்குவது இயற்கை என்று இருந்து விட வேண்டாம். அது கண்புரையாக இருந்தால் சத்திரசிகிச்சை செய்து வில்லை வைத்தால் பெரும்பாலானோருக்குப் பார்வை திரும்பும். குருடு என்று பல வருடமாக மூலையில் இருத்தி வைத்த பாட்டிக்கு வெறும் கண்புரையாக இருக்கக் கூடும். கண் அழுத்த நோய் வேறு விதம். பக்கப் பார்வை மெல்ல மெல்லக் குறையும். போன பார்வை திரும்பாது; இருப்பதை மருந்தால் காப்பாற்றலாம். குடும்பத்தில் ஒருவருக்கு இருந்தால் சகோதரங்களும் பிள்ளைகளும் காட்ட வேண்டும்.

கண்ணில் தாய்ப்பால், இலைச்சாறு, ஆமணக்கெண்ணெய் விடுவதை நிறுத்துங்கள். வைத்தியர் எழுதாத சொட்டு மருந்தைக் கடையில் வாங்கி மாதக்கணக்கில் விடுவதும் ஆபத்து. சில மருந்துகள் கண் அழுத்தத்தைக் கூட்டும். வயலில், பற்றைக்குள் இனந்தெரியாத இரும்புப் பொருள் எதைக் கண்டாலும் தொடக் கூடாது என்பதைப் பிள்ளைகளுக்கு இன்றும் சொல்லிக் கொடுங்கள்.

கருவிழி பழுதாகிப் பார்வை இழந்தவர்களுக்கு இறந்தவரின் கருவிழியைப் பொருத்தலாம். இந்தக் காரியத்தில் நமது நாடு உலகத்திற்கே வழிகாட்டியது. அதன் தொடக்கத்திலும் ஒரு தாய் இருக்கிறார். 1960இல் வைத்தியர் ஹட்சன் சில்வாவின் தாயார் இறந்தபோது, அவருடைய கருவிழி ஒரு ஏழை விவசாயிக்குப் பொருத்தப்பட்டது. அடுத்த வருடம் கண்தானச் சங்கம் உருவானது. அதன் பிறகு இலங்கையில் இருந்து எத்தனையோ நாடுகளுக்குக் கண்கள் போயிருக்கின்றன.

கேட்டுப் பெற வேண்டியவை

பார்வை இழந்தவருக்கு உதவி செய்வது அரசாங்கத்தின் தருமம் அல்ல, கடமை. அங்கவீனமுற்றோரின் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம் கல்வியிலும் வேலையிலும் பொது இடங்களிலும் அவர்களுக்குப் பாகுபாடு காட்டக் கூடாது என்கிறது. விழிப்புலனற்றோருக்கென 1992இல் தனியான நம்பிக்கை நிதியச் சட்டம் வந்தது. அரச வேலையில் நூற்றுக்கு மூன்று இடம் அங்கவீனமுற்றோருக்கு என்று 1988இலேயே சுற்றறிக்கை வந்தது. ஐக்கிய நாடுகளின் அங்கவீனமுற்றோர் உரிமைச் சமவாயத்தை இலங்கை 2016இல் ஏற்றுக் கொண்டது. வாக்களிக்கப் போகும்போது தாம் நம்பும் ஒருவரைத் துணைக்குக் கூட்டிச் செல்ல 2011ஆம் ஆண்டுச் சட்டம் இடம் தருகிறது.

சட்டம் தாளில் இருந்தால் போதாது. நாம் போய்க் கேட்க வேண்டும். முதலில் வைத்தியரின் அத்தாட்சிப் பத்திரம் எடுங்கள். கிராம அலுவலரிடம் பதியுங்கள். பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரைக் கண்டு கொடுப்பனவு, பிரம்பு, வீட்டு ஒழுங்கு, சுயதொழில் உதவி பற்றிக் கேளுங்கள். அஸ்வெசும திட்டத்திலும் அங்கவீனமுற்றோருக்குத் தனிக் கொடுப்பனவு உண்டு. விண்ணப்பத்தை யார் நிரப்பினாலும் அதை முழுவதும் வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்ட பிறகே கையொப்பமோ பெருவிரல் அடையாளமோ வையுங்கள். கொடுத்த விண்ணப்பத்தின் பிரதி ஒன்றைக் கையில் வைத்திருங்கள்.

சகோதரிகளே, போர் நம்மிடம் இருந்து பலவற்றைப் பறித்தது. அவற்றில் பலவற்றைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியாது. ஆனால் நமது வீட்டில், நமது தெருவில் பார்வை இழந்த தாய் ஒருவர் மூலையில் இருந்தால், அவருக்குரிய இடத்தைத் திருப்பிக் கொடுக்க நம்மால் முடியும். நாளைக்குக் காலையில் அவரிடம் போய், "அம்மா, இண்டைக்கு என்ன சமைப்பம்?" என்று கேளுங்கள். அவர் சொல்லட்டும். பிறகு அகப்பையை அவருடைய கையில் கொடுங்கள்.